வண்டியின் அடியும் தரையின் அடியும்

மிதிவண்டி மோதிப் பாதசாரி ஒருவர் உயிரிழக்கும்போதோ படுகாயமடையும்போதோ, விபத்துப் புனராய்வாளரின் மேசைக்கு வரும் கோப்பில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் முதலில் எழுதப்பட்டிருக்கும்: மோதலின் விசை எவ்வளவு? விபத்துப் புனராய்வு என்பது, நடந்து முடிந்த மோதலை அது விட்டுச்சென்ற தடயங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வேகம், திசை, நேரம் ஆகியவற்றை மீட்டெடுக்கும் தொழில். காவல்துறையிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் தனியார் பொறியியல் அலுவலகங்களிலும் அதைச் செய்வோர் உள்ளனர். கேள்வி கேட்கும் வழக்கறிஞருக்கு அது எளிமையானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் காயத்துக்கு நேரடியாக விடை சொல்லும் அளவு விசைதான் என்று அவருக்குப் படுகிறது. ஆனால் மோதலைப் பற்றிக் கணக்கிடத்தக்க அளவுகளுள் விசையே கடைசியில் வருவது என்பதையும், மற்ற எல்லா அளவுகளின் ஐயப்பாடுகளையும் சுமந்துகொண்டே அது வருகிறது என்பதையும் இத்தொழிலில் நெடுநாள் இருந்தவர்கள் அறிவர். அதை நீதிமன்றத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதே அவர்கள் பணியில் மிகக் கடினமான பகுதி.

கணக்கின் அடித்தளம் உந்தம். ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கி வருவதே உந்தம். மோதும் இரு பொருள்களின் மொத்த உந்தம், மோதல் நிகழும் அக்குறுகிய நேரத்தில், மாறாமல் இருக்கும். 73 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 12 கிலோகிராம் மிதிவண்டியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் வந்து, 65 கிலோகிராம் எடையுள்ள பாதசாரி மீது நேராக மோதுகிறார் என்றும், இருவரும் ஒரு கணம் ஒன்றாகவே நகர்கின்றனர் என்றும் கொண்டால், அந்தப் பொதுவேகம் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்றே குறைவாக அமையும். பாதசாரியின் உந்தத்தில் நேர்ந்த மாற்றம், இயற்பியல் பாடநூல்கள் கணத்தாக்கு என்று குறிப்பிடும் அளவு, ஏறத்தாழ 258 நியூட்டன்-நொடி. இதுவரை கணக்கு உறுதியானது. வேகமும் எடைகளும் சரியாகத் தெரிந்து, மோதல் நேருக்கு நேரானதாகவும் இருந்தால், இந்த எண்ணில் பெரும்பிழை நேராது.

விசையைப் பெறுவதற்கு இந்தக் கணத்தாக்கை மோதல் நீடித்த நேரத்தால் வகுக்க வேண்டும். உடலும் உடலும் அழுந்தியிருந்த நேரம் 0.05 நொடி என்றால் சராசரி விசை 5,200 நியூட்டனுக்கு அருகிலும், 0.1 நொடி என்றால் 2,600 நியூட்டன் அளவிலும், 0.15 நொடி என்றால் 1,700 நியூட்டன் அளவிலும் இருக்கும். இம்மூன்று நேரங்களுள் எதையும் எந்தக் கருவியும் அந்த இடத்தில் அளந்திருக்கவில்லை, எந்தச் சாட்சியும் கண்டிருக்க இயலாது. தடித்த குளிர்கால மேலங்கி, தோளில் தொங்கிய பை, ஓட்டியவரின் முழங்கை மடங்கிய விதம் ஆகிய ஒவ்வொன்றும் அந்த நேரத்தை நீட்டவோ குறைக்கவோ வல்லது. மேலும், இவை சராசரிகள் மட்டுமே. உச்ச விசை சராசரியைப் போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ இருக்கலாம். ஒரே மோதலுக்கு மூன்று மடங்கு வேறுபடும் விசைகளை, எவ்விதக் கணக்குப் பிழையுமின்றி, இருவேறு வல்லுநர்கள் எதிரெதிர்த் தரப்பில் நின்று சொல்ல முடிவது இதனால்தான்.

புனராய்வாளர்களுள் பெரும்பாலோர் மோட்டார் வாகன விபத்துகளில் பயின்றவர்கள் என்பதால், அங்கே பழகிய கருவிகளையே இங்கும் கையில் எடுக்கின்றனர். அவற்றுள் பல இங்கே பயன்படுவதில்லை. கார் மோதலில் சாலையில் சறுக்குத் தடம் இருக்கும், உலோகம் நசுங்கிய ஆழம் இருக்கும், அண்மைக்கால வண்டிகளில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளைப் பதிவுசெய்து வைக்கும் மின்னணுப் பெட்டியும் இருக்கும். மிதிவண்டியின் முன்சக்கரமோ மனித உடலைப் போன்ற மென்மையான ஒன்றின் மீது மோதும்போது பெரும்பாலும் வளைவதே இல்லை. ஒரு சுவரில் மோதினால் பின்னோக்கி மடங்கக்கூடிய ஃபோர்க் பழுதின்றி இருக்கும். உயிர் போன வழக்கிலும் சான்றாக வைக்கப்பட்ட வண்டி மறுநாளே ஓட்டத்தக்க நிலையில் இருக்கக் கூடும். வண்டிக்குச் சேதமில்லை, ஆகவே வேகமும் இல்லை என்ற வாதம் நீதிமன்றங்களில் எழுவது உண்டு. அதற்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை.

பாதசாரி விழுந்து கிடந்த தொலைவிலிருந்து வேகத்தைக் கணிக்கும் சூத்திரங்களும் இவ்வாறே. அவற்றுள் மிகப் பரவலாக ஆளப்படுவது 1983இல் ஆய்வாளர் சியர்ல் வெளியிட்டது. பாதசாரி தூக்கி எறியப்பட்டுத் தரையில் சறுக்கி நிற்கும் வரையிலான மொத்தத் தொலைவையும், உடலுக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தையும் கொண்டு, அவர் எறியப்பட்ட வேகத்தின் கீழ்வரம்பைத் தருவது. 1,300 கிலோகிராம் எடையுள்ள கார் மோதும்போது பாதசாரி காரின் வேகத்தில் 95 விழுக்காட்டைப் பெற்றுவிடுவதால், எறியப்பட்ட வேகத்தைக் காரின் வேகமாகவே எடுத்துக்கொள்வதில் பெரிய தவறில்லை. மிதிவண்டி மோதலில் இரு தரப்பின் நிறைகளும் ஏறத்தாழ ஒரே அளவின. மேலே கண்ட எடுத்துக்காட்டில் பாதசாரி பெறுவது 57 விழுக்காடு மட்டுமே. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தினால் ஓட்டியவரின் வேகம் பாதியளவுக்குக் குறைத்து மதிப்பிடப்படும். மறுபுறம், தொலைவு மிகச் சிறியதாக இருக்கும்போது சூத்திரம் எதிர்த்திசையில் ஏமாற்றும்: நின்ற இடத்திலேயே சாய்ந்து விழும் மனிதரின் உடல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும், அந்தத் தொலைவை உராய்வுக் குணகம் 0.7 எனக் கொண்டு சூத்திரத்தில் இட்டால் நொடிக்கு 3.7 மீட்டர் என்ற வேகம் வந்து நிற்கும். எங்கும் எறியப்படாதவருக்கு எறியப்பட்ட வேகத்தைக் கற்பிக்கும் இவ்வெண்ணை, அறிக்கையில் இரண்டு தசம இடங்களுடன் எழுதும் பழக்கம் இத்துறையில் இன்னும் ஒழியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஓட்டியவரையும் வண்டியையும் ஒரே பொருளாகக் கொண்டு 85 கிலோகிராம் என்று கூட்டிவிடுவதும் ஓர் எளிமைப்படுத்தலே. அவர் வண்டியோடு பிணைக்கப்பட்டவர் அல்லர். இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி என்னும் சில தொடுபுள்ளிகளில் மட்டுமே அதனுடன் இணைந்திருப்பவர். சக்கரத்தின் முன்விளிம்பு அச்சின் உயரமான ஏறத்தாழ 34 சென்டிமீட்டரில், அதாவது வளர்ந்தவரின் முழங்காலுக்குக் கீழே, முதலில் தொடுகிறது. அக்கணத்தில் செயல்படுவது வண்டியின் நிறையும், ஓட்டியவரின் நிறையில் கைகள் கடத்தும் சிறு பங்கும் மட்டுமே. அடுத்து, தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலுள்ள கைப்பிடி இடுப்புக்கோ விலா எலும்பின் கீழ்ப்பகுதிக்கோ வந்து சேர்கிறது. வண்டி தடைபட்ட பிறகும் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் ஓட்டியவரின் தோளும் தலையும் கடைசியாகப் பாதசாரியின் மேலுடலை அடைகின்றன. ஆகவே கணத்தாக்கு ஒரே அடியாக விழுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு மூன்று அடிகளாகப் பிரிந்து, வெவ்வேறு உயரங்களில் விழுகிறது. வளர்ந்த மனிதரின் நிறைமையம் தொப்புளின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால், அதன் அருகே விழும் கைப்பிடியின் அடி அவரைத் தள்ளுகிறது. அதற்கு மேலே விழும் தோளின் அடி அவரைச் சாய்க்கிறது. எவ்வளவு தள்ளப்பட்டார், எவ்வளவு சாய்க்கப்பட்டார் என்பதுதான் அவர் எப்படி விழுந்தார் என்பதை முடிவுசெய்கிறது. அவர் உயிர் பிழைப்பாரா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்திருக்கிறது.

இங்கே சொல்லப்பட வேண்டியவற்றுள் தலையாயது இதுவே: மிதிவண்டி மோதல்களில் தலைக்கு நேரும் மிகக் கொடிய அடி பெரும்பாலும் வண்டியிலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. 1.6 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் தலை நொடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், தரையை அடையும். உடல் முழுவதும் மடங்காமல், நட்டுவைத்த கோல் சாய்வதுபோல் விழுந்தால், அந்த வேகம் 6.7 மீட்டராகவும் உயரலாம். முழங்கால் மடங்கினாலோ கை முந்தி ஊன்றினாலோ குறையும். பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ எதிர்பாராமல் மோதப்படுபவருக்குக் கையை ஊன்றும் அவகாசம் கிடைப்பதில்லை. கல் பதித்த நடைபாதையில் விழும் தலை, உச்சித்தோலின் அழுந்தலும் மண்டையோட்டின் சிறு நெகிழ்வும் சேர்ந்து 10 மில்லிமீட்டர் தொலைவில் நின்றுவிடுகிறது என்று கொண்டால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 160 மடங்கு, 4.5 கிலோகிராம் தலை மீது சராசரி விசை ஏறத்தாழ 7,000 நியூட்டன். அந்தத் தொலைவை 15 மில்லிமீட்டர் என்று மாற்றினால் விசை 4,700 ஆகக் குறையும். 5 மில்லிமீட்டர் என்றால் 14,000ஐத் தாண்டும். விழுந்தவர் தொப்பி அணிந்திருந்தாரா, கூந்தலைக் கொண்டையாக முடிந்திருந்தாரா என்பன போன்ற, கேட்பதற்கே சங்கடமான கேள்விகளைப் புனராய்வாளர் குடும்பத்தாரிடம் கேட்க நேர்வது இந்தச் சில மில்லிமீட்டர்களுக்காகத்தான்.

தலை இந்த அளவுகளைத் தாங்குமா என்பதற்கான அளவுகோல் டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கு நிகழ்ந்த சோதனைகளிலிருந்து 1960இல் வெளிவந்த வரைகோடு, மிகக் குறுகிய நேரமென்றால் தலை உயர்ந்த முடுக்கத்தையும் பொறுக்கும், நேரம் நீள நீளப் பொறுக்கும் வரம்பு தாழ்ந்துவிடும் என்பதைக் காட்டிற்று. அதனைக் காட் என்ற ஆய்வாளர் 1966இல் ஒரு குறியீட்டெண்ணாக மாற்றினார். வெர்சாஸ் என்பவர் அதை 1971இல் திருத்தினார். அவ்வழியே வந்ததுதான் இன்று கார்ச் சோதனைகளில் ஆளப்படும் தலைக்காய அளவுகோல். அதில் 1,000 என்னும் மதிப்பு நெடுங்காலம் எல்லைக்கோடாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அந்த எல்லை, குறிப்பிட்ட ஒருவர் காயமடைவாரா என்பதைச் சொல்வதன்று, பலரை ஒருசேர நோக்கும்போது காயத்தின் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்வது. எழுபது வயது மூதாட்டியின் மண்டையோட்டுக்கும் இருபது வயது இளைஞரின் மண்டையோட்டுக்கும் அது வேறுபாடு காண்பதில்லை. ஐரோப்பாவின் மிதிவண்டித் தலைக்கவசத் தரமான இஎன் 1078, தட்டையான பரப்பின் மீது நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் கவசத்தை விழச்செய்து, எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த வேகம் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையின் வேகம். நிற்கும் மனிதரின் தலைக்கு ஏறத்தாழ அதே வீழ்ச்சிதான் நேர்கிறது, அவரிடம் கவசம் இல்லை என்பதே வேறுபாடு.

வண்டியின் அடியையும் தரையின் அடியையும் பிரித்தறிவதற்குப் பொறியாளரைவிடப் பிணக்கூறாய்வு மருத்துவரே சிறந்த துணை. அசைந்துகொண்டிருக்கும் தலை அசையாத பரப்பில் மோதும்போது, அடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் மூளை கன்றிப்போவது வழக்கம்: பின்மண்டை தரையில் பட்டிருந்தால் கன்றல் நெற்றிப்புற மூளையில் காணப்படும். அசையாத தலை மீது அசையும் பொருள் வந்து தாக்கும்போது காயம் பெரும்பாலும் தாக்கிய பக்கத்திலேயே நிற்கும். இந்த ஒரு குறிப்பு அறிக்கையில் தெளிவாக இருந்தால், பல பக்கக் கணக்குகளால் தீராத தகராறு தீர்ந்துவிடும். இக்கட்டுரையாளர் பழகிய அலுவலகங்களில் இளம் பொறியாளர்கள் மருத்துவரின் அறிக்கையைக் கணக்கு முடிந்த பிறகு ஒப்புநோக்குவதற்கென ஒதுக்கி வைப்பதுண்டு; மூத்தோர் அதை முதலில் படிக்கச் சொல்வர். காலின் வெளிப்புறத்தில் 30 முதல் 35 சென்டிமீட்டர் உயரத்தில் சிராய்ப்பு, விலாவின் கீழே கைப்பிடி முனையின் வட்டத்தடம், பின்மண்டையில் பிளவு ஆகிய மூன்றும் ஒருசேர இருந்தால், மோதலின் வரிசையும் பாதசாரி நின்ற திசையும் கணினியைத் தொடுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

வேகத்தைக் காண்பதற்கு இன்று பெரிதும் உதவுவது சிசிடிவி பதிவு. அடுத்தடுத்த படங்களில் வண்டி எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சாலையில் உள்ள நிலையான அடையாளங்களைக் கொண்டு அளந்து, படங்களுக்கிடையிலான நேரத்தால் வகுப்பது முறை. வண்டியே தன் அளவுகோலைச் சுமந்துகொண்டிருப்பதும் ஒரு வசதி: இரு சக்கர அச்சுகளுக்கிடையிலான தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர், சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர், இரண்டையும் சான்றாக உள்ள வண்டியிலேயே துல்லியமாக அளந்துகொள்ளலாம். ஆனால் நொடிக்கு 25 படங்கள் எடுப்பதாகச் சொல்லப்படும் கேமரா, சேமிப்பிடத்தை மிச்சப்படுத்துவதற்காக உண்மையில் அதில் பாதியைத்தான் பதிவுசெய்திருக்கலாம், இடைவெளிகளும் சீராக இல்லாதிருக்கலாம். நொடிக்கு 7 மீட்டர் செல்லும் வண்டி அத்தகைய இரு படங்களுக்கிடையில் அரை மீட்டருக்கு மேல் தாவிவிடும். பிரேக் பிடித்த கணம் அந்த இடைவெளிக்குள்ளேயே மறைந்துபோகக் கூடும். சக்கரத்தோடு மிதிகட்டையும் விடாமல் சுழலும் ஃபிக்ஸட் கியர் வண்டியாக இருந்தால் வேறொரு வழி உண்டு: முன்பல்சக்கரத்தில் 48 பற்களும் பின்பல்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 6.4 மீட்டர் நகரும்; பதிவில் காலின் சுழற்சியை எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். காலின் சுழற்சி தெளிவற்ற படத்திலும் புலப்படும் என்பதால், கோணக்கணக்கில் எழும் பல பிழைகளுக்கு இம்முறையில் இடமில்லை.

ஃபிக்ஸட் கியர் வண்டி ஒன்றைச் சுற்றித்தான் இத்துறையில் மிகவும் பேசப்பட்ட வழக்கும் அமைந்தது. 2016 பிப்ரவரியில் லண்டனின் ஓல்ட் ஸ்ட்ரீட் பகுதியில் சாலையைக் கடந்துகொண்டிருந்த பெண் ஒருவர், முன்பிரேக் இல்லாத அத்தகைய வண்டி மோதித் தலைக்காயத்தால் சில நாள்களில் உயிரிழந்தார். பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் பொதுச்சாலையில் அத்தகைய வண்டிக்கு முன்பிரேக்கைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. 2017இல் நடந்த விசாரணையில், ஓட்டிய இளைஞர் உயிரிழப்பு விளைவித்த குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, குதிரைவண்டிக் காலத்தில் இயற்றப்பட்ட 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவின்கீழ்க் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 18 மாதத் தண்டனை பெற்றார். அவர் மணிக்கு 18 மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தார் என்றும், மோதும்போது வேகம் 10 முதல் 14 மைல் வரை குறைந்திருந்தது என்றும் நீதிமன்றத்தில் கூறப்பட்டது. முன்பிரேக் உள்ள வண்டி 3 மீட்டரில் நின்றிருக்கும், அவருடையது நிற்க 12 மீட்டர் வேண்டும் என்ற ஒப்பீடும் அப்போது செய்திகளில் வந்தது.

இந்த ஒப்பீட்டை எண்களில் இட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நொடிக்கு 8 மீட்டரில் செல்வது 3 மீட்டரில் நிற்க வேண்டுமானால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். மிதிவண்டியில் இதற்குத் தடையாக நிற்பது டயரின் பிடிப்பன்று, கவிழ்தல். ஓட்டியவரும் வண்டியும் சேர்ந்த நிறைமையம் முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தள்ளியும், தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் 0.55 மடங்குக்கு மேல் பிரேக் பிடித்தவுடன் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஓட்டியவர் தலைகுப்புற வீழ்வார். உடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும் தேர்ந்த ஓட்டுநர் இதைச் சற்று மீறலாம். வழக்கமான வண்டியில், வழக்கமான அமர்வில், நொடிக்கு 8 மீட்டரிலிருந்து நிற்பதற்கு 6 மீட்டர் அளவு தேவை, அதற்கு முன் ஆபத்தைக் கண்டு கை இயங்கும் நேரத்தில் கடந்த தொலைவு தனி. பின்சக்கரம் மட்டும் தடுக்கப்படும்போது கிடைக்கும் எதிர்முடுக்கம் கால் மடங்கு அளவே ஆதலால், நிற்கும் தொலைவு 13 மீட்டர். வழக்கில் சொல்லப்பட்ட 12 மீட்டருக்கு இது நெருக்கமானது. முன்பிரேக் இல்லாதது நிற்கும் தொலைவை இரு மடங்காக்கியது என்பது இக்கணக்கில் நிலைநிற்கிறது. நான்கு மடங்காக்கியது என்பது நிற்கவில்லை. ஒருவர் உயிர் போயிருக்க, மற்றொருவர் சிறை செல்லும் நிலையில், இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தாத எந்த வல்லுநரும் தம் கடமையைச் செய்தவர் ஆகார்.

மாடிமோ, பிசி-கிராஷ் போன்ற கணினி மென்பொருள்கள் மனித உடலை மூட்டுகளால் இணைந்த பல துண்டுகளாகக் கொண்டு மோதலை ஓட்டிக் காட்டுகின்றன. அவற்றின் உண்மையான பயன், அசையும் படம் ஒன்றை நடுவர்களுக்குக் காட்டுவதில் இல்லை. வேகம், கோணம், பாதசாரி காலெடுத்து வைத்த நிலை ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை ஓட்டி, எந்த மாற்றம் விடையை அசைக்கிறது, எது அசைப்பதில்லை என்று காண்பதில்தான் இருக்கிறது. அவ்வாறு ஓட்டிப் பார்த்தவர்கள், வண்டியின் வேகத்தை மணிக்கு சில கிலோமீட்டர் மாற்றுவதைவிடப் பாதசாரியின் எந்தக் கால் தரையில் ஊன்றியிருந்தது என்பதை மாற்றுவது தலை விழும் வேகத்தைக் கூடுதலாக மாற்றக்கூடும் என்பதைக் கண்டிருப்பர். மெதுவாக வந்த வண்டி ஒருவரைக் கொன்றுவிடுவதும், விரைந்து வந்தது மற்றொருவரைச் சிராய்ப்புடன் விட்டுவிடுவதும் இதனால் நேர்கின்றன; காயத்தின் கொடுமையிலிருந்து வேகத்தைப் பின்னோக்கி ஊகிப்பது இங்கே கூடாது.

அறிக்கையில் விசையை எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், அதை ஒற்றை எண்ணாக எழுதாமல் கீழ்வரம்பு, மேல்வரம்பு ஆகியவற்றுடனும், எந்த அனுமானத்தால் எவ்வளவு அகலம் வந்தது என்ற விளக்கத்துடனும் எழுதுவதே முறை. வண்டியால் நேர்ந்த கணத்தாக்கு ஒரு பத்தியிலும், தரையால் நேர்ந்த எதிர்முடுக்கம் மற்றொரு பத்தியிலும் நிற்க வேண்டும்; இரண்டையும் கூட்டி எழுதப்படும் எண்ணுக்குப் பொருளே இல்லை. குறுக்கு விசாரணையில் ஓர் எண்ணையாவது சொல்லுங்கள் என்ற வற்புறுத்தல் வரும். வரம்பைக் கூறியவர் தடுமாறுகிறார் என்றும், ஒற்றை எண்ணைக் கூறியவர் உறுதியானவர் என்றும் கேட்போருக்குத் தோன்றும் ஆபத்தும் உண்டு. அந்த வற்புறுத்தலுக்கு இணங்காமல் நிற்பது கற்றுக்கொண்டு வருவதன்று, ஆண்டுகள் பல கடந்து ஊறி வருவது.

மோதப்பட்டது குழந்தை என்றால் கணக்கு முழுவதும் மாறிவிடும். 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தை, முன்சொன்ன அதே மோதலில் வண்டியின் வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெறும். வளர்ந்தவரின் இடுப்பில் படும் கைப்பிடி அதன் முகத்தின் உயரத்தில் இருக்கும். தரையைவிட வண்டியே அங்கே முதல் ஆபத்து. மோதியது மின்துணை மிதிவண்டி என்றாலும் கணக்கு மாறும். ஐரோப்பிய விதிகளில் அத்தகைய வண்டிகளின் மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டரில் துணையை நிறுத்திவிட வேண்டும் என்றிருந்தாலும், அவற்றின் எடை சாதாரண வண்டியைப் போல் இரு மடங்கு. அந்தக் கூடுதல் எடை பாதசாரி பெறும் வேகத்தைச் சிறிதளவே உயர்த்துகிறது. ஆனால் முதல் அடியில் செயல்படுவது ஓட்டியவரின் நிறையன்று, வண்டியின் நிறையே என்பதால், காலெலும்பு முறியும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

இவ்வளவு கணக்கும் முதல் சில மணி நேரத்தில் பாதுகாக்கப்படும் பொருள்களைச் சார்ந்தே நிற்கிறது. கேமராத் திரையைக் கைபேசியால் படமெடுத்த பிரதி போதாது, நேரக்குறிகளுடன் கூடிய மூலப்பதிவே தேவை; பல கடைகளின் கேமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மீதே புதியதை எழுதிவிடுவதால் அதை உடனே கேட்டுப் பெற வேண்டும். வண்டியின் பல்சக்கரங்களை எண்ணி, டயரின் காற்றழுத்தத்தை அளந்த பிறகே அதை நகர்த்த வேண்டும். ஓட்டியவரிடம் வேகம்காட்டும் கருவியோ கைபேசிச் செயலியோ இருந்தால், அது நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கிறது என்பதை நினைவில் கொண்டு அதன் கோப்பையும் பெற வேண்டும். இரு தரப்பின் உடைகளும் துவைக்கப்படாமல், தனித்தனிக் காகிதப் பைகளில் இருக்க வேண்டும். கால்சட்டையில் படிந்த டயர்க் கறையின் உயரம் சக்கரம் தொட்ட இடத்தைச் சொல்லும். பாதசாரியின் காலணிகளை மருத்துவமனையில் பெரும்பாலும் உறவினரிடம் கொடுத்துவிடுகின்றனர். அவற்றைக் கேட்டு வாங்கிவர யாராவது அன்றே போக வேண்டும், ஏனெனில் எடை ஊன்றியிருந்த காலின் அடிப்பகுதியில் மட்டுமே மோதலின் திசையில் பக்கவாட்டுச் சிராய்ப்பு விழுந்திருக்கும்.